தானாக வந்த நாற்காலிகளும் நடந்து வந்த ஒருத்தியும்

வாடகை நாற்காலிக் கடைக்காரரின் மகள் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தபோது அவளுக்கு நான்கு மாதம். அந்தச் சிரிப்புக்கு, கீழே கடையில் இருந்த நாற்காலிகளில் நாற்பத்தொன்று படியேறி வீட்டுக்குள் வந்தன. மாடிக்குப் பதினாலு படி, நடுவில் ஒரு வளைவு. மூன்று பேர் பிடித்துத் தூக்கினாலும் பீரோ இடித்துக்கொள்கிற வளைவு அது. நாற்காலிகளோ ஒன்றன்பின் ஒன்றாக, சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் ஏறி வந்து தொட்டிலைச் சுற்றி நின்றன. அப்பா அப்போது சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடிவந்தவர் முதல் வேலையாக எண்ணிப் பார்த்தார். இருபது வருடமாக நாற்காலியை அனுப்பி, திரும்பி வந்ததும் எண்ணி அடுக்கியவருக்கு வேறு எதுவும் சட்டென்று தோன்றாது. "நாப்பத்தொண்ணு," என்றார் மனைவியிடம். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பேருந்து ஆற்றுக்குள் இறங்கிவிட்டாலும் "சற்றுத் தாமதமாக வரும்" என்று ஒரே குரலில் சொல்லக்கூடியவள். "சரி, அதுல ஒண்ண இந்தப் பக்கம் தள்ளுங்க. காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கேன்," என்றாள்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மகளுக்குச் சந்தோஷம் வந்தால் நாற்காலிகள் வரும். மேசை வராது, கட்டில் வராது. மனிதர் உட்காருவதற்கென்று செய்த சாமான் மட்டும்தான் வரும். அவள் வளர வளரச் சந்தோஷத்தின் எல்லையும் வளர்ந்தது. இரண்டு வயதில் எதிர்வீட்டு முக்காலி. மூன்று வயதில் தெருமுனை சலூனின் சுழல் நாற்காலி, பாதி முடி வெட்டிய ஆளோடும், கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்த முடிதிருத்துபவரோடும். நான்கு வயதில் அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்த அன்று, இரண்டு தெரு தள்ளியிருந்த பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி, வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஒரு பெரியவரைச் சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றது. பெரியவரால் வாயை மூட முடியவில்லை. அதனால் குறை சொல்லவும் முடியவில்லை. பல் மருத்துவர் அங்கேயே பல்லைப் பிடுங்கிவிட்டுப் போனார். போக்குவரத்துக் காவலர் வந்து, இனி இருட்டுகிற நேரத்தில் வருகிற நாற்காலிகளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று கடைக்காரர் எல்லா நாற்காலிக்கும் விளக்கு கட்டினார்.

தெருவில் அவளுக்குத் தடபுடல் என்று பெயர். பொல்லாத குழந்தை இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு எல்லாரையும் பிடிக்கும், அதுதான் தொல்லை. ஒரு குழந்தையைக் கண்டுவிட்டால் போதும், மூக்கு மூக்கோடு முட்டுகிற தூரத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் போய் நிற்பாள். "உன் பேரு என்ன, உனக்கு என்ன பிடிக்கும், என்கிட்ட ஒரு தவளை பொம்மை இருக்கு, இந்தா வெச்சுக்கோ, வா ஓடலாம், உன் பல்லு ஏன் ஆடுது," என்று ஒரே மூச்சில் கொட்டி, பதில் வருவதற்குள் கட்டிப்பிடித்துத் தூக்கி, இரண்டு சுற்றும் சுற்றிவிடுவாள். இதற்குள் பின்னால் நாற்காலிகள் தடதடவென்று வந்து சேர்ந்துவிடும். அந்தக் குழந்தை உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடும். "ஏம்பா ஓடறாங்க?" என்று அவள் அப்பாவிடம் வந்து கேட்பாள். கேட்கும்போது அவளைச் சுற்றிப் பதினைந்து நாற்காலியாவது நிற்கும், எல்லாம் காலியாக.

மனிதர் நாற்காலிக்காரர் ஆயிற்றே, கோளாறு நாற்காலியில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். கால்களுக்கு ரப்பர் போட்டுப் பார்த்தார். மணல்மூட்டை கட்டிப் பார்த்தார். பத்துப் பத்தாக அடுக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அடுக்கு அடுக்காகவே வந்தன, சங்கிலிச் சத்தம்தான் மிச்சம். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு அவருக்கு வேறொரு யோசனை வந்தது, அவர் தொழிலில் இருப்பவருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் நாற்காலி இலவசம், பதிலுக்கு அந்த வீட்டுக் குழந்தையை ஒரு மாலை அனுப்பிவைக்க வேண்டும் என்று பேசி, பன்னிரண்டு குழந்தைகளை வாடகைக்கு எடுத்தார். ரசீதுப் புத்தகத்தில் 'குழந்தை, 12 உருப்படி, மாலை நாலு முதல் ஆறு வரை, சேதமின்றித் திருப்பித் தரப்படும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். குழந்தைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மகள் அறைக் கதவைத் திறந்து பன்னிரண்டு முகங்களையும் ஒருசேரப் பார்த்தாள். அவ்வளவுதான், பன்னிரண்டு நாற்காலியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அவளிடம் பாய்ந்தன. நாலே காலுக்கு அத்தனை குழந்தைகளும் அவரவர் வீட்டில் அழுதுகொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டும் சரியாத் திரும்பிப் போச்சு. ஒரு கீறல் இல்ல," என்றார் கடைக்காரர், இரவுச் சாப்பாட்டின்போது. மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "ஒண்ணுகூடக் குறையலைன்னா என்ன அர்த்தம்ங்க? ஒண்ணுகூட இங்க இருக்க ஆசைப்படலைன்னு அர்த்தம்," என்றாள். அவர் ரசீதுப் புத்தகத்தை மூடி அலமாரிக்குள் வைத்தார். அன்று மீந்துபோன கேக்கை மூன்று நாள் தின்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். முதல் நாளே ஆறு பேர் உட்கார்ந்திருந்த நீளப் பெஞ்சு அவளை நோக்கி ஓடியது; உட்கார்ந்திருந்தவர்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். தலைமையாசிரியை வகுப்புகளிலிருந்து பெஞ்சுகளை எடுத்துவிட்டு எல்லாரையும் தரையில் உட்காரச் சொன்னார். தடபுடலுக்கு மட்டும், மைதானத்தின் கடைசியில் மதில் ஓரமாகச் சிமெண்டில் ஒரு பெஞ்சு கட்டிக் கொடுத்தார்கள். இடைவேளையில் அவள் அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்க வேண்டும். ஒருநாள் தலைமையாசிரியை கடைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் அல்ல, தன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசியே அலுத்துப்போனவர். "ஊருக்கு வெளியில ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அங்க எல்லாமே சிமெண்டு. இவளை அங்க சேர்த்துடுங்க," என்றார். கடைக்காரர் கெஞ்சினார். கடைசியில் தலைமையாசிரியை மனம் இளகி ஒரு தவணை கொடுத்தார். "விடுமுறை விடறதுக்குள்ள ஒரு குழந்தை, ஒண்ணே ஒண்ணு, தானா வந்து இவ பக்கத்துல உட்காரணும். நாற்காலி தூக்கிட்டு வந்தா கணக்கில்ல. அதோட இஷ்டத்துக்கு, அதோட காலால வரணும்."

விடுமுறைக்கு ஏழு வாரம் இருந்தது. இந்த முறை அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், அதையே சொல்லிக்கொடுத்தாள். "பஸ்ஸு எங்க போகுதுன்னு நான் ஒரு தடவை சொல்வேன். அப்புறம் மைக்க அணைச்சுடுவேன். ஏறணும்னு நினைக்கிறவங்க தானா வருவாங்க. நான் இறங்கிப் போய் யாரையாவது இடுப்புல தூக்கிட்டு வந்து ஏத்துறேனா?" மகள் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். ஒரு கை நீளத்துக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் வரும்வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாடம் மொத்தம் இவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. புதுக் குழந்தையாக நடிப்பது அப்பாவின் வேலை. அவருக்கு அது கொஞ்சமும் வரவில்லை. "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று மகள் கேட்டு முடிப்பதற்குள், "உன்னைத்தான் பிடிக்கும்மா!" என்று உருகிவிடுவார். "நீங்க கொஞ்சம் முறைச்சுப் பாருங்களேன். எந்தக் குழந்தை இப்படிப் பதில் சொல்லும்?" என்று மனைவி அதட்டுவாள். முதல் நாள் மகளால் மூன்று நொடிதான் காத்திருக்க முடிந்தது. சாப்பாட்டு அறை நாற்காலிகள் நடுவழிவரை வந்துவிட்டுத் திரும்பின. ஐந்தாவது வாரக் கடைசியில் ஒரு நிமிடம் காத்திருந்தாள். உதடு துடித்தது, காதுமடல் சிவந்தது, நாற்காலிகள் நின்ற இடத்திலேயே நடுங்கின. ஆனாலும் வரவில்லை. அன்றைக்குக் கடைக்காரர் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதார்.

ஒத்திகை பார்க்க அப்பா இருந்தார், ஆனால் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை. கை நீளத்துக்கு எந்தக் குழந்தையும் வரவில்லையே. இந்த நிலையில்தான், விடுமுறைக்கு ஒன்பது பள்ளி நாள் இருக்கும்போது, பூட்டு ரிப்பேர்க்காரரின் மகள் வந்து சேர்ந்தாள். வேறு ஊரிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம், விஷயம் எதுவும் தெரியாது. அந்தப் பெண் எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்க்கிற பிறவி. சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பார்த்துச் சாப்பிடுவாள் என்பதால் காலைச் சாப்பாட்டை மதியம்தான் முடிப்பாள். நடக்கவிட்டால் பள்ளிக்கூடம் வந்து சேரமாட்டாள் என்று அவள் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். விவரம் தெரியாத ஆயா ஒருத்தி, புதுப் பெண்ணாயிற்றே என்று வராந்தாவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். மைதானத்தின் அந்தக் கடைசியிலிருந்து தடபுடல் பார்த்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டுதான் பார்த்தாள், ஆனாலும் நாற்காலி கிளம்பிவிட்டது. இதற்கு முன்னால் நாற்காலி நகரத் தொடங்கியபோது உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்ன செய்தார்கள்? இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பூட்டுக்காரர் மகள் இறங்கிவிட்டாள். இறங்கி ஒதுங்கி நின்று, "நீ முன்னாடி போ. நான் நடந்து வரேன்," என்று நாற்காலியிடம் சொன்னாள். ஏழு வருடத்தில் ஊரில் ஒருவருக்கும் தோன்றாத காரியம் அது. நாற்காலி காலியாகப் போய்ச் சிமெண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று மைதானத்தின் கடைசியிலிருந்து தடபுடல் கேட்டாள். ஒரே கேள்வி. கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பூட்டுக்காரர் மகள் தலையாட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

வராந்தாவுக்கும் சிமெண்டு பெஞ்சுக்கும் நடுவே நாற்பத்தைந்து அடி எடுத்து வைக்க வேண்டும். இடைவேளை இருபது நிமிடம். பூட்டுக்காரர் மகள் அந்த இருபது நிமிடத்தில் ஐந்து அடி வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஓர் எறும்பு வரிசை, ஒரு பாட்டில் மூடி, மண்ணில் பதிந்த யாரோ ஒருவரின் கால்தடம் என்று பார்க்க வேண்டியவை இருந்தன. மணி அடித்ததும் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். போவதற்கு மட்டும் அவளை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் கோட்டிலிருந்து தொடர்ந்தாள். விஷயம் பரவி, வேலியோரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுத் தினமும் வந்தார். நாற்பத்தைந்தை ஐந்தால் வகுத்தால் ஒன்பது. ஒன்பதாவது நாள்தான் விடுமுறைக்கு முந்தின நாள். சரியாக வந்துவிடுகிறது, ஆனால் ஓர் அடி பிசகினாலும் போச்சு. மகளோ பெஞ்சில் கைமேல் உட்கார்ந்தபடி, வருகிறவளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் காலி நாற்காலி. அதை யாரும் நகர்த்தவில்லை. நகர்த்திப் பார்த்தவர்களால் முடியவும் இல்லை.

ஆறாவது நாள் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து தொலைத்தது. பூட்டுக்காரர் மகள் அதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நின்றாள். கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. இருபத்தேழு வருடமாகச் சாமானைக் கேட்ட இடத்தில் கேட்ட நேரத்துக்குக் கொண்டு இறக்கிய கை துறுதுறுத்தது. வேலியைத் தாண்டி ஓடினார், பெண்ணை அப்படியே அலாக்காகத் தூக்கினார், பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார், "டெலிவரி முடிஞ்சுது," என்று மூச்சுவாங்கினார். பூட்டுக்காரர் மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. திரும்பி, முந்தின நாள் கோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"அப்பா!" என்றாள் மகள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. "அவ வந்துட்டுதான் இருந்தா. ஏம்பா தூக்குனே?"

மணி அடித்துவிட்டது. திரும்பி நடந்தவளை ஆயா வகுப்புக்குத் தூக்கிப்போனாள். மறுநாள் பழைய கோட்டிலிருந்துதான் தொடர வேண்டும், அன்றைய ஐந்து அடி போனது போனதுதான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கடைக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எப்படி எண்ணினாலும் ஐந்து அடி குறைந்தது. குழந்தைகளை வாடகைக்கு எடுத்த அன்று செய்ததையேதான் இன்றும் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவென்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒன்பதாவது நாள், இடைவேளை முடிய ஒரு நிமிடம் இருக்கையில், பூட்டுக்காரர் மகள் நாற்பதாவது அடியில் நின்றாள். தலைமையாசிரியை தன் நாற்காலியை வராந்தாவில் போடச் சொல்லி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரரும் மனைவியும் வேலியோரம் நின்றார்கள். மகள் எழுந்து ஓடினால் ஐந்தே அடி, கட்டிப்பிடித்து இழுத்து உட்காரவைத்துவிடலாம். கடைக்காரர் மனசுக்குள் ஓடு ஓடு என்றுதான் சொன்னார். அவள் ஓடவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள். சந்தோஷமோ பயமோ, உடம்பு முழுக்க நடுங்கியது. மணியடிக்கிறவர் கட்டையை ஓங்கினார். அந்த நொடியில் அவருடைய முக்காலி, அவரோடும் கட்டையோடும், மைதானத்தைக் குறுக்காகக் கடந்து பெஞ்சருகே போய் நின்றது.

அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு மணியிடம் நடந்தார், வைத்தார், உட்கார்ந்தார், கட்டையை ஓங்கினார். முக்காலி மறுபடியும் அவரைக் கொண்டுபோய்ப் பெஞ்சருகே விட்டது. நின்றுகொண்டே அடித்துத் தொலையுங்கள் என்று யாரோ கத்தினார்கள். "இருபத்திரண்டு வருஷமா உக்காந்துதான் அடிக்கிறேன். நின்னு அடிக்கிற மணி என் மணியில்ல," என்று சொல்லிவிட்டு, மூன்றாவது தடவையும் முக்காலியைத் தூக்கினார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியையின் நாற்காலியும் மெல்ல அசைய ஆரம்பித்தது. அவர் பிடித்துக்கொண்டார், பிறகு பூட்டுக்காரர் மகளை ஒருமுறை பார்த்தார், பிறகு கையை விட்டுவிட்டு இறங்கி நின்றார். நாற்காலி போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார். மணி அடிக்காதவரை இடைவேளை முடியவில்லை. அது பள்ளிக்கூடத்து விதி. அந்த இடைவேளை நாற்பது நிமிடம் நீண்டது.

பூட்டுக்காரர் மகள் நாற்பத்தைந்தாவது அடியை வைத்து, சாக்பீஸை ஜேபியில் போட்டுக்கொண்டு, ஒன்பது நாளாகக் காத்திருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "எறும்பு," என்றாள். ஒன்பது நாளுக்கு முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் அது. பிறகு, "உனக்கு?" என்று கேட்டாள்.

தடபுடலிடம் அதுவரை யாரும் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. கடைக்காரர் வேலியை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போது ஊரில் இருக்கிற அத்தனை நாற்காலியும் வரப்போகிறது என்று நினைத்தார். ஒன்றுகூட வரவில்லை. மகள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் யோசித்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நீ நடக்கிறது," என்றாள் கடைசியில். அறிவிப்பாளர் தன் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் பதறாத அதே குரலில், "வந்து சேர்ந்துடுச்சுங்க," என்றாள்.

சிமெண்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. நாற்காலிகள் வருவதும் நிற்கவில்லை, முன்பைவிடக் கொஞ்சம் நிதானமாக வருகின்றன, அவ்வளவுதான். ஊர் ஜனங்களுக்கும் இப்போது பழக்கமாகிவிட்டது. உட்கார்ந்திருக்கிற நாற்காலி உதறினால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வழிவிடுகிறார்கள். பிறகு அதைத் திருப்பி எடுத்துவர நடந்து போகிறார்கள். போனவர்கள் போன இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டும் வருகிறார்கள். பல் மருத்துவரின் நோயாளிகள் மட்டும் இன்னும் படுத்தபடியே வருகிறார்கள்.

எட்டாவது பிறந்தநாளுக்குக் கடைக்காரர் யாரையும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஒரே ஒரு விருந்தாளி, பூட்டுக்காரரின் மகள்; அவர் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஆறு மணிக்கு அவர் அழைத்துப்போக வந்தபோது பெண் மேல்படியில் நின்று, படிக்கட்டில் இருந்த ஒரு விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்த கடைக்காரர், கையைக் கட்டிக்கொண்டார். மகள் விருந்தாளிக்குப் பக்கத்தில், ஒரு கை நீளம் விட்டு நின்று, அதே விரிசலைக் குனிந்து பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு படி இறங்கினார்கள். பதினாலு படியில் அது முதல் படி.

"நேரம் ஆகும் போல," என்றார் பூட்டுக்காரர் கீழேயிருந்து.

"ஆகும்," என்றார் கடைக்காரர். கடைக்குள்ளிருந்து ஒரு நாற்காலி தானாக வந்து பூட்டுக்காரருக்குப் பின்னால் நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமலே உட்கார்ந்துகொண்டார்.